தோட்டாவுக்குத் தட்டுப்பாடு, துவக்கு அப்பாவின் பெயரில்: நான் என்ன செய்யலாம்?

முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

கணவரை இறுதிப் போரில் இழந்தவர். குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல், மேட்டுநிலத்தில் ஒரு ஏக்கர் கச்சான். வீட்டின் வருமானம் அவ்வளவுதான். 74 வயதான தகப்பனாரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரம் பெற்ற பழைய இரட்டைக்குழாய்த் துவக்கு ஒன்று இருக்கிறது. முன்னர் ஒரு பெட்டித் தோட்டா வாங்கிய காசுக்கு இப்போது அரைப் பெட்டிகூட வருவதில்லை என்கிறார். காசோடு போனாலும் 'இருப்பு இல்லை' என்ற பதிலோடு திரும்பிய நாட்கள் உண்டு. இந்தக் காலபோகத்தில் ஒரே இரவில் பன்றிகள் கச்சான் தோட்டத்தின் ஒரு பக்கத்தையே உழுதுவிட்டுப் போயிருக்கின்றன. தகப்பனாருக்குக் கண்ணில் வெண்படலம். அதனால் உயர்தரம் படிக்கும் 17 வயது மகன்தான் துவக்கோடு இரவில் காவற்கொட்டிலில் இருக்கிறான். குறிபார்க்கப் பழகுகிறேன் என்று பால்மா தகரத்தை மரத்தில் கட்டிச் சுட்டு ஆறு தோட்டாக்களை முடித்துவிட்டான் என்றும், அதற்காக அவனை ஏசியதாகவும் எழுதியிருக்கிறார்.

ரொறொன்ரோவில் இருக்கும் அவருடைய அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் விளையாட்டுக்குப் போகிறவர். அங்கேயும் தோட்டா விலை ஏறிவிட்டதாம், சில வகைகள் கிடைப்பதே இல்லையாம். ஆனாலும் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது இரண்டு பெட்டி கொண்டுவருகிறேன், விமானத்தில் அதற்கு அனுமதி உண்டு என்று சொல்லியிருக்கிறார். அயலில் ஒருவர் தன்னுடைய தோட்டாக்களைக் கைமாற்றாகத் தருவதாகச் சொல்கிறார். பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் வெறுங்கோதுகளுக்கு மருந்து நிரப்பிக் கொடுக்கிறாராம்.

கடைசியில் கேட்கிறார்: 'எங்கள் வீட்டுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதுதானே, இவற்றில் எது பிழை? தோட்டாக்களை யார் பதுக்குகிறார்கள்? பத்திரத்தை மகனின் பெயருக்கு மாற்றலாமா? இல்லையென்றால் துவக்கைக் கொடுத்துவிட்டு வேலியைச் சுற்றிக் கரண்ட் கம்பி இழுத்துவிடட்டுமா?'

அன்புள்ள சகோதரி,

நீங்கள் தோட்டாவைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் மகனைப் பற்றித் தொடங்குகிறேன். இந்தக் கடிதத்தில் உடனடியாக ஆபத்தில் இருப்பது அவன். இன்றிரவிலிருந்து அவன் கையில் அந்தத் துவக்கு இருக்கக்கூடாது. கச்சான் இன்னொரு போகத்தில் விளையும். பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பிள்ளையின் பெயரில் சுடுகலன் வழக்கு ஒன்று விழுந்தால், அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் வெளிநாட்டு விசாவுக்குப் போகும்போதும் அது அவன் பின்னாலேயே வரும்.

பத்திரம் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டதல்ல

வன்னியில் என்னிடம் வரும் துவக்கு வழக்குகளில் பாதிக்கு வேர் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது: 'எங்கள் வீட்டுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதுதானே.' காணி உறுதி குடும்பத்துக்கு உதவுவதுபோல இது உதவாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் இந்த விடயத்தில் அடிப்படைச் சட்டம். அதன்படி அனுமதி ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட துவக்குக்கு, ஒரு குறிப்பிட்ட தேவைக்காகக் கொடுக்கப்படுகிறது. உங்கள் அப்பாவின் பெயரில் உள்ள பத்திரத்தைக் காட்டி உங்கள் மகனைக் காப்பாற்ற முடியாது. அவன் அனுமதியில்லாமல் துவக்கு வைத்திருந்தவன் ஆகிறான், அப்பா தன் துவக்கை அனுமதியில்லாதவனிடம் கொடுத்தவர் ஆகிறார். ஒரே இரவில் இரண்டு குற்றங்கள். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தபின் இந்தக் குற்றங்களுக்கான தண்டனைகள் மிகவும் கடுமையாகிவிட்டன. 'பிள்ளை பன்றிக்குத்தான் காவல் இருந்தான்' என்ற விளக்கம் நீதவானின் மனத்தை இளக்கலாம், குற்றச்சாட்டைக் கரைக்காது.

தகரத்தில் சுட்டுப் பழகியதும் அப்படித்தான். நீங்கள் தோட்டா வீணானதற்காக ஏசியிருக்கிறீர்கள், அது நியாயம். ஆனால் பத்திரத்தில் எழுதியிருக்கும் தேவை பயிர்ப் பாதுகாப்பு. குறிபார்த்துப் பழகுவது அதற்குள் வராது. உங்கள் அண்ணா கனடாவில் செய்வது அங்குள்ள சட்டப்படி உரிமம் பெற்று, அதற்கென்று அமைத்த களத்தில் விளையாடும் விளையாட்டு. இங்கே விளையாட்டாகச் சுட விரும்புகிறவர்களும் பதிவுபெற்ற கழகம், அங்கீகரித்த சுடுதளம் என்ற வழியில்தான் போக வேண்டும். மகனுக்கு உண்மையிலேயே அதில் ஆர்வம் இருந்தால் அது கெட்ட ஆர்வம் அல்ல. உரிய வயதில், உரிய இடத்தில் போகட்டும். முல்லைத்தீவுக் காட்டோரத்தில் இரவில் கேட்கும் ஒரு வெடிச்சத்தத்தை யாரும் விளையாட்டு என்று எடுத்துக்கொள்வதில்லை, உங்களுக்குத் தெரியாததா?

தோட்டா எங்கே போனது

யாரோ பதுக்குகிறார்கள் என்ற உங்கள் சந்தேகத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. அதைச் சோதிக்க ஒரு வழியையும் பின்னால் சொல்கிறேன். ஆனால் பதுக்கல் ஒன்றுமே இல்லாவிட்டாலும் விலை ஏறித்தான் இருக்கும். அண்ணா சொன்னது உண்மை.

ஒரு வேட்டைத் தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது? பித்தளை அடி, அதன் நடுவில் தட்டினால் பொறி பறக்கும் கேப், உள்ளே புகையில்லா வெடிமருந்து, அதன்மேல் அடைப்பு, அடைப்பின்மேல் சன்னங்கள் என்னும் சிறு ஈயக் குண்டுகள். அந்த மருந்துக்கு மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அது பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்து செய்யப்படுகிறது. பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் மருந்துக்கும் அதே பொருள்தான் வேண்டும். 2022 பெப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிற்சாலைகளின் மருந்து முதலில் பீரங்கிக்குப் போனது, மிஞ்சியதுதான் வேட்டைக்காரருக்கும் விளையாட்டுக்காரருக்கும் வந்தது. அதற்கு முன்பே 2020இல், கொரோனாக் காலத்தில், அமெரிக்கர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் அள்ளி வாங்கியதில் கடைத் தட்டுகள் காலியாகியிருந்தன. ஈயச் சன்னத்தைக் கெட்டிப்படுத்த அதில் சிறிதளவு அந்திமனி கலப்பார்கள். அந்திமனியை மிக அதிகமாக உற்பத்தி செய்யும் சீனா 2024 செப்டெம்பர் 15 முதல் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இத்தனையும் சேர்ந்த விலையைத்தான் உங்கள் அண்ணா டொலரில் கொடுக்கிறார்.

நமக்கு அதன்மேல் இன்னோர் அடி விழுந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போய்விட்டது. நோயாளியின் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாமல் நின்ற நாடு தோட்டாவுக்கு எங்கே போயிருக்கும்? அதோடு இங்கே தோட்டாவை எந்தக் கடைக்காரரும் தானாக இறக்குமதி செய்ய முடியாது. கடற்படையின் கீழுள்ள கொள்வனவுப் பிரிவினூடாகத்தான் வருகிறது. எனவே ஒரு கப்பல் பிந்தினால் நாடு முழுவதும் பிந்தும்.

அண்ணாவுக்குத் தோட்டா கிடைக்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு போகும். உங்களுக்கு ஒரு போகமே போகும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் ஒரு நிர்வாகம் எனக்கும் உடன்பாடானதல்ல. பயிருக்காக அனுமதி பெற்ற விவசாயிக்கு, பயிர் நிற்கும் மாதங்களில் தோட்டா கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன். அதைக் கேட்கும் முறைதான் முக்கியம்.

அண்ணாவின் பயணப்பெட்டி

அண்ணாவுக்கு இன்றே தொலைபேசி எடுத்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விமானத்தில் அனுமதி உண்டு என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளின்படி, விமான நிறுவனம் முன்கூட்டியே சம்மதித்தால், விளையாட்டுத் தோட்டாக்களை ஓர் ஆளுக்கு 5 கிலோ வரை பொதிக்குள் ஏற்றலாம். 25 தோட்டாக்கள் உள்ள ஒரு பெட்டி ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக இருக்கும், ஆகவே இரண்டு பெட்டி அந்த அளவுக்குள் அடங்கும். ஆனால் அது விமானம் ஏற்றிக்கொள்வதற்கான சம்மதம் மட்டுமே. கட்டுநாயக்கவில் இறக்குவதற்கான சம்மதத்தை இலங்கை அரசுதான் தர வேண்டும். அது இல்லாமல் இறங்கும் தோட்டா சுங்கச் சட்டத்திலும் சுடுகலன் சட்டத்திலும் மட்டும் மாட்டாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, சட்ட அதிகாரமின்றித் தோட்டாக்களை இறக்குமதி செய்வதையும் சேகரிப்பதையும் பெயர்சொல்லிக் குற்றமாக்கியிருக்கிறது. கனடாவிலிருந்து வரும் ஒரு தமிழர், பெட்டியில் தோட்டா, போகுமிடம் ஒட்டுசுட்டான். அதை விசாரிக்கும் அதிகாரி பன்றியைப் பற்றி முதலில் நினைப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் பிணை எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நம் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. அந்தத் தோட்டாக்கள் உங்களுக்கு உதவவும் மாட்டா. தட்டுச் சுடுவதற்குப் பயன்படுத்தும் சன்னங்கள் இரண்டரை மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுள்ளவை. பன்றிக்குப் பயன்படும் எஸ்.ஜி. சன்னம் எட்டு மில்லிமீற்றருக்கு மேல். தட்டுக்கான தோட்டாவால் பன்றியைச் சுட்டால் அது சாகாது, காயத்தோடு வெறிகொண்டு திரும்பும். கண் தெரியாத பெரியவருக்கும் கால்மாட்டில் நிற்கும் பிள்ளைக்கும் அது என்ன செய்யும்?

துவக்கு பழையது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் கேட்காததையும் சொல்கிறேன். தோட்டா உள்ளே இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அப்பாவைக் குழாயைக் கழற்றச் சொல்லி, அடிப்பக்கத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். பழைய துவக்குகள் பலவற்றில் இரண்டரை அங்குலம் அல்லது 65 என்று இருக்கும். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மில்லிமீற்றர். அந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்தபின் உள்ள நீளம். வெடிக்குமுன் வாய் மடித்திருப்பதால் அது 65 அறைக்குள்ளும் சிக்கலின்றி நுழையும், துவக்கும் பூட்டிக்கொள்ளும். சுடும்போதுதான் மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் எகிறும். தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை வாங்குகிறவர்களுக்கு இது நேர்கிறது. பெட்டியில் உள்ள எண்ணையும் குழாயில் உள்ள எண்ணையும் ஒத்துப்பார்க்காமல் ஒரு தோட்டாவும் ஏற்றக்கூடாது.

கைமாற்றும் நிரப்பிய கோதும்

அயலவர் நல்ல மனத்தோடுதான் கேட்டிருக்கிறார். இருந்தாலும் வாங்காதீர்கள். ஒருவர் பெயரில் வாங்கிய தோட்டா இன்னொருவர் வீட்டில் இருந்தால் இரண்டு வீட்டுக் கணக்கும் பிழையாகும். அவருக்குத் தனிப் பத்திரம் இருப்பதால் வேறொன்று செய்யலாம். அவருடைய பத்திரத்தின் நிபந்தனைகள் இடம்கொடுத்தால், அவரே தன் துவக்கோடும் தன் தோட்டாவோடும் உங்கள் தோட்டத்துக்குக் காவலுக்கு வரலாம். அதற்கு முன் பிரதேச செயலகத்தில் கேட்டு, சம்மதத்தை எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

கோதுக்கு மருந்து நிரப்பும் பெரியவரைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'நிலத்தில் கிடைக்கும் பழைய ரவைகளை உடைத்துத்தான் மருந்து எடுக்கிறாராம்.' அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பு பதறியது. அனுமதியின்றி வெடிமருந்து வைத்திருப்பதும் செய்வதும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின்படி குற்றம். அதைவிடப் பெரிய விடயம் உயிர். துப்பாக்கி ரவையின் மருந்தும் வேட்டைத் தோட்டாவின் மருந்தும் எரியும் வேகத்திலேயே வேறானவை. அளவு தெரியாமல் மாற்றிப் போட்டால் குழாய் பிளக்கும், பிளப்பது முகத்துக்குப் பக்கத்தில். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மழையிலும் வெயிலிலும் கிடந்த பொருளைச் சுத்தியலால் தட்டும் வீட்டில் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் இத்தனை வருடங்களாக முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக நம் நிலத்தைத் துப்புரவாக்கி வருகின்றன. அவர்கள் தோண்டி எடுப்பதை நாம் வீட்டுக்குள் கொண்டுபோவதா? அந்தப் பெரியவரிடம் நெருக்கமான யாராவது பேசி நிறுத்தச் சொல்லுங்கள். உழும்போது ஏதாவது கிடைத்தால் தொடாமல், இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ 119க்கோ அறிவியுங்கள்.

இடியன் துவக்கு (குழாய் வாயில் மருந்து இடித்து நிரப்பும் நாட்டுத் துவக்கு), பொறித்துவக்கு (கட்டிய கம்பியில் கால் பட்டால் தானே வெடிப்பது), பன்றிவெடி (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) என்று உங்களிடம் யாரும் யோசனை சொல்லவில்லை. சொல்லுவார்கள். இதே பதில்தான் அவற்றுக்கும். பொறித்துவக்குக்குப் பன்றியின் காலும் விறகுக்குப் போகும் பெண்ணின் காலும் ஒன்றுதான்.

கரண்ட் கம்பி மட்டும் வேண்டாம்

வீட்டு மின்சாரத்திலிருந்து வேலிக்குக் கம்பி இழுப்பது துவக்கைவிட மோசமான முடிவு. இரவில் மாடு தேடி வரும் அயலவர், குளத்துக்குப் போகும் சிறுவன், உங்கள் மகனே, யாராவது அதில் விழுந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றம் உங்கள்மேல் வரும். யானை விழுந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் வழக்கு. இரண்டில் எதிலும் 'என் பயிரைக் காக்கத்தான்' என்பது பாதுகாப்பாகாது. யானைவேலி என்று நீங்கள் பார்த்திருப்பது வேறு பொறி. அதில் மின்சாரம் கணநேரத் துடிப்பாக, இடைவெளி விட்டுத்தான் பாயும். அதனால் அடி விழும், உயிர் போகாது. அப்படி ஒரு சூரிய மின்வேலியைத் தரமான கருவியோடு, கமக்காரர் அமைப்பில் நாலைந்து காணிக்காரர் சேர்ந்து போட்டால் ஒருவருக்கு விழும் செலவு குறையும். பன்றிக்காக என்றால் கீழ்க்கம்பி நிலத்துக்கு அருகில் ஓட வேண்டும், புல் முட்டாமல் வெட்டிக்கொண்டும் இருக்க வேண்டும்.

சட்டப்படி நீங்கள் செய்யக்கூடியவை

பத்திரத்தை மகனின் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது, அவன் சிறுவன். ஆனால் கடிதத்தின் எந்த இடத்திலும் 'என் பெயருக்கு மாற்றலாமா' என்ற கேள்வி வரவில்லை. ஏன் சகோதரி? காணியைச் செய்கிறவர் நீங்கள், விதைநெல் வாங்குவது நீங்கள், கடன் உங்கள் பெயரில். துவக்கு ஆண்களுக்குரியது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அப்பாவின் கண் இனித் தேறாது என்றால், அவர் தன் இயலாமையைச் சொல்லி ஒரு கடிதமும், நீங்கள் உங்கள் பெயரில் ஒரு விண்ணப்பமும் பிரதேச செயலாளர் ஊடாக மாவட்டச் செயலாளருக்குக் கொடுக்கலாம். பயிர்த் துவக்குக்கு அனுமதி வழங்குவது கச்சேரிதான், அதாவது மாவட்டச் செயலகம். காணி ஆவணம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பயிர்ச் சேதம் பற்றிக் கமநல சேவை நிலையத்தின் கடிதம், வைத்தியச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை ஆகியவை கேட்கப்படும். குடும்பத்தில் யாராவது போருக்குப்பின் புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளிகளாக இருந்தால் அதை மறைக்காதீர்கள். மறைத்தது தெரியவந்தால் அதையே காரணமாக்கி மறுப்பார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் 'பார்ப்போம்' என்று அனுப்பிவிடுவதை ஏற்றுக்கொண்டு வந்துவிடாதீர்கள். காரணம் கையில் இருந்தால்தான் என்னைப் போன்ற ஒருவரால் மேலே கொண்டுபோக முடியும்.

அது நடக்கும்வரை, அப்பாவை வவுனியா வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கூட்டிச் செல்லுங்கள். வெண்படலச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்க வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. பார்வை திரும்பினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு வருடமும் டிசெம்பர் 31உடன் முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டா இல்லாத வருடத்தில் 'எதற்குப் புதுப்பிக்க வேண்டும்' என்று விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். ஜனவரியில் அதே துவக்கு அனுமதியில்லாத துவக்காகிவிடும்.

இனித் தோட்டாவைக் கேட்கும் முறை. கடை வாசலில் கேட்டுவிட்டுத் திரும்பினால் அதற்கு ஒரு சாட்சியும் இல்லை. அப்பாவின் பெயரில் மாவட்டச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: பத்திர இலக்கம், பயிரின் பரப்பு, பன்றி வந்த திகதிகள், கடைசியாக வாங்கிய தோட்டாக்களின் எண்ணிக்கை, இப்போது தேவைப்படும் எண்ணிக்கை. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கமக்காரர் அமைப்பில் இதே நிலையில் உள்ளவர்கள் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

பதுக்கல் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்த வருடம் மாவட்டத்துக்கு எத்தனை தோட்டாக்கள் வந்தன, எந்த அடிப்படையில் பகிர்ந்தார்கள் என்று தகவல் அதிகாரியிடம் தமிழிலேயே கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். ஆட்களின் பெயரைக் கேட்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். பெயரைக் கேட்டால் பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் காட்டி மறுப்பது சுலபம்.

கிடைக்கும் தோட்டாவைச் செலவழிப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டுவதற்கு அது இனிக் கட்டுப்படியாகாது. அந்த வேலைக்கு வெளிச்சமும் தகரச் சத்தமும் முறைக்காவலும் போதும். யானை வந்தால் துவக்கைத் தொடவே வேண்டாம், வனசீவராசிகள் அலுவலகத்தில் யானைவெடி கேட்டு வாங்கி வையுங்கள். யானை, மான், மரை ஆகியவை பாதுகாக்கப்பட்டவை, உங்கள் காணிக்குள் நின்றாலும்தான். பன்றி அந்த வகையில் வராது, ஆனால் அதைத் துரத்திக்கொண்டு வேலிக்கு அப்பால் ஒதுக்குக்காட்டுக்குள் துவக்கோடு போனால் அது தனி வழக்கு. வாங்கியது, சுட்டது, மிச்சம் என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, வெறுங்கோதுகளையும் ஒரு பேணியில் போட்டு வையுங்கள். மகன் தகரத்தில் சுட்ட ஆறையும் சேர்த்துக் கணக்கு இப்போது எப்படி நிற்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எதையும் கொப்பியில் திருத்தி எழுத வேண்டாம். அதைப் பற்றி யாரிடமும் வாக்குமூலம் கொடுக்குமுன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை.

துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற கேள்விக்கு என் கருத்து: இப்போதைக்கு வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் மீண்டும் பெறுவது வருடக்கணக்காகும், உங்கள் பெயருக்கு மாற்றும் வாய்ப்பும் போய்விடும். ஆனால் மகனைத் துவக்கிலிருந்து விலக்கிவைக்க உங்களால் முடியவில்லை என்றால், அலுமாரிச் சாவியை அவன் எடுத்துவிடுவான் என்ற பயம் இருந்தால், மாற்றம் கிடைக்கும்வரை பொலிஸ் நிலையத்தில் பாதுகாப்புக்காக ஒப்படைக்க அனுமதி கேட்டு அப்பாவை மாவட்டச் செயலாளருக்கு எழுதச் சொல்லுங்கள். ஒப்படைக்கும்போது துவக்கின் இலக்கமும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்காமல் வரவேண்டாம்.

குழாயில் உள்ள எண்ணைப் பார்த்ததும், மாவட்டச் செயலாளருக்கு அனுப்பும் கடிதத்தின் பிரதியோடு எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயருக்கான விண்ணப்பத்தை நிரப்புவதற்கு நான் உதவுகிறேன்.